விலை படிந்தால் மணி அடிக்கும்

இரும்புக் கதவு சாத்திக்கொண்ட சத்தம் டூயி கங்காஸின் பல்லில் போய்க் கூசியது.

கையிலிருந்த அட்டைப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். தோளால் ஒரு முட்டு முட்டினான். கதவு அசையவில்லை. தோள்தான் அசைந்தது.

"பாஸ், உள்பக்கம் கைப்பிடியே இல்ல!"

"பேங்க் பெட்டக அறைக்கு உள்பக்கம் கைப்பிடி எதுக்குடா? ராத்திரி பணம் எந்திரிச்சு வெளிய போறதுக்கா?" என்றாள் மாரிட் ஹால்வர்சன். அமெரிக்காவின் வடகோடியிலிருக்கும் டுலூத் நகரத்தில் துப்பறிகிறவள் என்று பலகை மாட்டியிருக்கும் ஒரே பெண். ஐம்பது வயது, ஆறடி உயரம், தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லாய். டூயி அவளிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன் பழைய கார் விற்றவன். வாய் மட்டும் இன்னும் அந்த வேலையை விடவில்லை.

"ஜெல்லிக்! ஜெல்லிக் அய்யா!" டூயி கதவைத் தட்டினான். அரை அடி இரும்பு. தட்டியது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவர் வேனை எடுத்துட்டு வரப் போயிருக்கார். சர்ச் பக்கத்துல நிக்குது. பனியில புதைஞ்சிருக்கும்" என்றாள் மாரிட். "கத்தி மூச்சை வீணாக்காதே."

மூச்சு என்ற சொல்லைக் கேட்டதும் டூயி தட்டுவதை நிறுத்தினான். "காத்து எவ்வளவு நேரம் வரும் பாஸ்?"

"மேல பாரு. பூனை நுழையற அளவுக்கு ஓட்டை இருக்கு. உன் பேச்சுக்கும் சேர்த்து காத்து வரும்."

அறைக்குள் மூன்றாவதாக ஒருத்தி நின்றிருந்தாள். லொரெய்ன் பெல்டோ. ஐம்பத்தெட்டு வயது, பழுப்பு நிற மேல்கோட்டு, இரண்டு கையாலும் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுப்பு.

"யாரோ வெளியிலேர்ந்து தள்ளினாங்க" என்றாள். "நான் கதவுகிட்டதானே நின்னுட்டிருந்தேன். பார்த்துட்டேதான் இருந்தேன். சட்டுனு சாத்திடுச்சு. வேற யாரு? எங்க அண்ணன் அர்விட்தான்!"

டூயிக்கும் அப்படித்தான் பட்டது.

அவர்கள் அப்பா எய்னோ பெல்டோ பிள்ளைகள் இருவர் பேருக்கும் பொதுவாக விட்டுப்போனது ஆட்டக்காரனின் படம் அச்சிட்ட, சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் ஒரே ஒரு பேஸ்பால் அட்டை. நாற்பது வருஷத்துக்கு முன் பபிள்கம் பொட்டலத்தோடு வந்தது. ராஸ்கோ டிண்டால் என்ற இடதுகைப் பந்துவீச்சாளன் ஆட வந்த முதல் வருஷத்து அட்டை. நாடு முழுக்கத் தேடினாலும் இன்று நாலைந்து தேறாது. விற்றால் ஊருக்குள் நல்ல வீடாகவே வாங்கலாம். ஆனால் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். ஆகவே அது ஜெல்லிக்கின் அட்டைக் கடையில், ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டடத்தின் பெட்டக அறையில் கிடந்தது.

தங்கை "விற்கலாம்" என்பாள். அண்ணன் "பொறு" என்பான். டிண்டால் உயிரோடு இருந்தபோது, அவன் செத்தால் விலை ஏறும் என்றான். செத்த பிறகு, எழவு வீட்டில் வியாபாரம் பேசக்கூடாது, சீசன் வரட்டும் என்றான். சீசன் வந்தபோது, டிண்டாலைப் பெரிய ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபத்தில் சேர்க்கப் போகிறார்களாம், அது முடியட்டும் என்றான். கடைசியில் தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் சரி என்று இறங்கி வந்தால், வாங்க வந்தவன் பின்வாங்கினான். அடுத்தவனும் பின்வாங்கினான். அவர்களுக்கு யாரோ போன் செய்து, "அந்த அட்டை அசல் இல்லை. ஓரம் வெட்டின போலி. அசலை அண்ணன்காரன் எப்பவோ வித்துட்டான்" என்று கம்மிய குரலில் சொல்லியிருந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? அர்விட் பெல்டோ தங்கையை ஏமாற்றிய திருடன் என்று பேசிக்கொண்டது. அந்த அர்விட்தான் போன வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாரிட்டின் அலுவலகப் படியேறி, "போன் பண்ணது யார்னு கண்டுபிடிச்சுக் கொடுங்கம்மா. நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று சனிக்கிழமை. சிகாகோவிலிருந்து ஸ்டீக் என்பவர் வந்து ஏரிக்கரை ஓட்டலில் தங்கியிருந்தார். லொரெய்ன் கேட்ட விலைக்குச் சரி என்றுவிட்டார். வானொலி காலையிலிருந்து பனிப்புயல் என்று அலறிக்கொண்டிருந்தது. சாலையை மூடுவதற்குள் கிளம்பிவிடுவேன், அதற்குள் அட்டையைக் கொண்டு வாருங்கள் என்று ஸ்டீக் கறாராகச் சொல்லியிருந்தார். அட்டையை எடுக்க வந்த லொரெய்னோடு மாரிட்டும் டூயியும் வந்து, ஒப்பிட்டுப் பார்க்க அதே வருஷத்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாளை ஞாயிறு, டிண்டாலைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று குழு முடிவு சொல்லும் நாள். சேர்த்தால் விலை எகிறும். சேர்க்காவிட்டால் சரியும்.

இந்த நேரம் பார்த்துக் கதவு சாத்திக்கொண்டது.

"போச்சு" என்றாள் லொரெய்ன். அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அவர் போயிடுவார். இந்தத் தடவையும் போச்சு. நான் இந்த ஊர்லயே கிடந்து சாக வேண்டியதுதான்."

"அப்படிச் சொல்லாதீங்க. இந்த ஊர்ல கிடந்து சாகறதுக்கே முதல்ல இந்த அறைய விட்டு வெளிய போகணும்" என்றான் டூயி.

மாரிட் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. லொரெய்ன் ஏற்கெனவே கடைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்து வைத்திருந்த டிண்டால் அட்டையை உறையிலிருந்து உருவினாள். டூயி கீழே போட்ட பெட்டியிலிருந்து சில்லறை அட்டைகள் சிதறிக் கிடந்தன. அதே வருஷத்தில், அதே பொட்டலங்களில் வந்தவை. பெயர் மறந்துபோன ஆட்டக்காரர்கள். அவற்றில் ஒரு கை அள்ளி, நடுவில் டிண்டாலைச் செருகி, சீட்டுக்கட்டைத் தட்டுவதுபோல் மேசையில் நாலு பக்கமும் தட்டினாள்.

"டூயி, கண்ணை மூடு. விரலால தடவு. எங்கயாவது பள்ளம் தட்டுதா?"

டூயி தடவினான். எல்லாம் ஒரே மட்டம். "இல்ல பாஸ். வழவழன்னு இருக்கு."

"ஓரம் வெட்டியிருந்தா இந்தக் கட்டுக்குள்ள அது குள்ளமா இருக்கும். பள்ளம் தட்டும். இது அசல். ஆக, போன்ல சொன்னது பச்சைப் பொய்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றாள் லொரெய்ன். "அர்விட்டுக்கு இதை விக்கவே மனசில்ல. அதான் போன் பண்ணிப் பண்ணிக் கெடுக்கறான்."

"தன்னையே திருடன்னு சொல்லியா?" என்றாள் மாரிட்.



மாரிட் அட்டையை உறைக்குள் போட்டு மேசைமேல் வைத்தாள். "மூணு வருஷத்துல அஞ்சு பேர் வாங்க வந்தாங்க. அஞ்சு பேரையும் டூயி பிடிச்சுப் பேசிட்டான். சொல்லுடா."

"பேசினேன் பாஸ். அதுல ஒருத்தர் தன்னோட முட்டிவலி வரைக்கும் சொல்லிட்டார். அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு எந்த போனும் வரல. அவங்க அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்காங்க. இந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. கிளம்பிப் போயிட்டாங்க. மிச்ச மூணு பேரும் இவங்க கேட்ட விலைக்கே சரின்னு சொன்னவங்க. அந்த மூணு பேருக்கு மட்டுந்தான் போன் மணி அடிச்சிருக்கு."

"விக்கவே கூடாதுன்னு நினைக்கறவன் எல்லாரையும்ல விரட்டுவான்?" என்றாள் மாரிட். "இங்க விலை படியாத வரைக்கும் அமைதி. விலை படிஞ்சா மணி அடிக்குது. அப்ப, விலை படிஞ்சது தெரிஞ்ச ஆள்தான் போன் பண்ணியிருக்கணும். அது யார் யாருக்குத் தெரியும்?"

"அர்விட்கிட்ட சொல்லுவேனே" என்றாள் லொரெய்ன் அவசரமாக. "ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்."

"நேத்து அவர் என்கிட்ட கேட்டார், 'இந்த ஸ்டீக் எவ்வளவு தர்றாராம்?'னு. கையெழுத்துப் போடப்போற மனுஷனுக்கே விலை தெரியல."



டூயிக்கு நிற்க முடியவில்லை. சுவர்கள் நாலும் பக்கத்தில் வருவதுபோல் இருந்தது. சின்ன வயதில் துணி அலமாரிக்குள் மாட்டிக்கொண்டு கதறியவன் அவன். வெளிக்காற்று வரும் ஓட்டைக்குக் கீழே நின்றால் தேவலை என்று அலமாரியைப் பிடித்துக்கொண்டு எக்கினான். நெஞ்சளவு உயரத்தில் இருந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கை போனது. ஏதோ கட்டை தட்டுப்பட்டது. வெளியே இழுத்தான்.

மரத்துண்டு. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் சரிவு.

"பாஸ், இது ஜெல்லிக்கோட ஆப்பு. கதவு சாத்திக்காம இருக்க அடியில செருகி வச்சிட்டுத்தானே போனார்?"

மாரிட் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வெளியிலேர்ந்து ஒருத்தன் சாத்தினா ஆப்பு எங்க இருக்கும்?"

"வெளிய. கடைத் தரையில."

"இல்ல, காலால எத்தி உள்ள தள்ளினான்னு வச்சுக்கோ. எங்க இருக்கும்?"

"தரையில உருண்டு கிடக்கும்." டூயி அலமாரியைப் பார்த்தான். "காலு முளைச்சு இவ்வளவு உயரம் ஏறாது." அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. மெல்ல லொரெய்ன் பக்கம் திரும்பினான். "கதவு சாத்தினப்ப நானும் பாஸும் அந்த மூலையில பெட்டி தூக்கிட்டிருந்தோம். கதவுகிட்ட இருந்தது..."

கைப்பை லொரெய்னின் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"ஆப்பை அசைச்ச குரங்கு கதைதான்" என்றான் டூயி, அடக்க முடியாமல்.

"வாயை மூடுறா" என்றாள் மாரிட். முக்காலிக்கு எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். "லொரெய்ன், கதவு திறக்கிற வரைக்கும் நமக்கு வேற வேலை இல்ல. சொல்லுங்க. தெற்கே டூசான் போகப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்களே, அங்க யார் இருக்காங்க?"

"யாருமில்ல" என்றாள் லொரெய்ன். "வெயில் இருக்கு. அவ்வளவுதான்."

கீழே விழுந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தானாகவே பேசினாள்.

"பதினோரு வருஷம் முன்னாடி அம்மாவைப் பார்த்துக்க வந்தேன். டூசான்ல ஒரு முடிதிருத்தற கடையில எனக்கும் பங்கு இருந்தது. அதை வித்துட்டு வந்தேன். அம்மா போனதும் திரும்பிப் போயிருக்கணும். பயமா இருந்தது. அட்டை வித்ததும் போறேன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல அது சௌகரியமா ஆயிடுச்சு மாரிட். போகப்போறவங்கற பேரோட இங்கேயே இருந்துக்கலாம். தோத்துட்டு வந்து அண்ணன் வீட்ல ஒண்டிட்டான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பாவம், அண்ணன் விடமாட்டேங்கறான்னுதான் சொல்லுவாங்க. அவன் 'பொறு'ன்னு சொல்றப்பல்லாம் நான் கத்துவேன், சண்டை போடுவேன். உள்ளுக்குள்ள எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?"

"அப்புறம் அவர் சரின்னுட்டார்."

"ஆமா. வந்தவனும் நான் கேட்ட விலைக்குச் சரின்னுட்டான். வராதுன்னு நினைச்சு எட்டாத விலையாத்தான் கேட்டேன். மறுநாள் பாக்கறேன், பஸ் ஸ்டாண்டு போன் பூத்துல நின்னுட்டிருக்கேன். கழுத்துத் துணியை வாய்ல வச்சுப் பேசறேன்."

"அண்ணன் பேரை ஏங்க இழுத்தீங்க?" டூயி இந்த முறை கேலியாகக் கேட்கவில்லை.

"போலின்னு சொன்னா, எப்படின்னு கேட்டான். வாய்க்கு வந்தது அதுதான்." அவள் மாரிட்டின் கையைப் பிடித்தாள். "அவன்கிட்ட சொல்லாதீங்க. உங்க கால்ல விழறேன். ஸ்டீக் போயிட்டா இது இத்தோட போகட்டும். யாரோ ஒருத்தன்னு சொல்லிடுங்க."

"எனக்குச் சம்பளம் கொடுக்கறது உங்க அண்ணன். கேட்டார்னா நான் சொல்லத்தான் செய்வேன்" என்றாள் மாரிட். கையை உதறவில்லை. "ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லலாம். கதவு இன்னும் திறக்கலையே."

 தலைக்கு மேலே தொங்கிய பல்பு மெல்ல ரீங்காரமிட்டது. டூயிக்கு வேர்த்தது. பதினோரு வருஷமாகத் தன்னைத் தானே பூட்டி வைத்திருக்கும் லொரெய்னுக்கு இந்த அறை புதிதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கதவுக்குள் ஏதோ சுழன்றது. இரும்பு நகர்ந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. டூயி ஓடிப்போய் ஜெல்லிக்கைக் கட்டிக்கொண்டான். "உங்க மூஞ்சி இவ்வளவு அழகுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

"அட விடுப்பா. ஆப்பு வச்சிட்டுத்தானே போனேன்?" குண்டு ஜெல்லிக் குழம்பினார். அவருக்குப் பின்னால், தோளெல்லாம் பனியோடு, கைத்தடியை ஊன்றி அர்விட் பெல்டோ நின்றிருந்தான். வேன் வந்து கூட்டிப்போகும் என்று காத்திருந்து பொறுமை இழந்து நடந்தே வந்திருக்கிறான்.

லொரெய்ன் எழுந்தாள். "ஸ்டீக் கிளம்பியிருப்பாரே" என்றாள், கடைசியாக ஒரு கிளையைப் பிடிப்பவள்போல்.

"எங்க கிளம்ப? நெடுஞ்சாலையை மதியமே மூடிட்டான்" என்றார் ஜெல்லிக். "ஓட்டல்ல உக்காந்து பூசணிப் பலகாரம் தின்னுட்டிருக்கார். நாளைக்கு வரைக்கும் அவரால அசைய முடியாது."

அவள் நம்பியிருந்த புயலே ஸ்டீக்கைப் பிடித்துவைத்துவிட்டது. லொரெய்ன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாரிட் குல்லாயைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள். 

"அர்விட்," என்றாள் லொரெய்ன், "போன் பண்ணது நான்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"மூணு தடவையும் நான்தான். இப்ப கதவைச் சாத்தினதும் நான்தான்."

அர்விட் கத்துவான் என்று டூயி எதிர்பார்த்தான். அவன் கைத்தடியை மேசைமேல் ஓங்கி ஒரே அடி அடித்தான். சில்லறை அட்டைகள் பறந்தன.

"பவுலிங் கிளப்புல எவனும் என்னோட சேர்ந்து ஆடறதில்லை, தெரியுமா உனக்கு? மூணு வருஷமா கடைசி லேன்ல தனியா பந்து உருட்டிட்டு வரேன். நீ சூப்பு வச்சுக் கொடுத்துட்டு 'இன்னைக்கு எப்படி ஆடினே?'ன்னு கேட்டியே! தினம் கேட்டியே!"

"கேட்டேன்" என்றாள் அவள். அழவில்லை.

"நான் பொறுன்னு சொன்னது, நீ போயிடுவியோன்னு பயந்து. அது என் தப்பு. ஆனா உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன்." அவன் சிதறிய அட்டைகளை மிதித்துக்கொண்டு ஓரடி முன்னே வந்தான். "என்னைத் திருடன்னு ஊருக்கெல்லாம் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

ஜெல்லிக் மெதுவாக இருமினார். "வேன் ஓடிட்டே இருக்கு..."

"போலாம்" என்றான் அர்விட். "விக்கறோம். இன்னைக்கே."

வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். வழி முழுக்கப் பின்னால் திரும்பவேயில்லை.

ஓட்டல் முன்கூடத்தில் ஸ்டீக் சின்ன உருவமாக, வாயோரம் பூசணியோடு காத்திருந்தார். அட்டையைக் கண்டதும் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பார்க்க வேண்டியதைப் பார்த்தார். பத்திரத்தை மேசையில் விரித்தார். அர்விட் முதலில் கையெழுத்துப் போட்டான். பேனா லொரெய்னிடம் வந்தது.

ஜெல்லிக்கின் தொழில் புத்தி அப்போதுதான் விழித்துக்கொண்டது. அவள் காதருகே குனிந்தார். "அம்மா, நான் கமிஷன் வாங்கறவன். இன்னைக்கே வித்தாலும் எனக்குச் சரிதான். ஆனாலும் மனசு கேக்கல. நாளைக்கு டிண்டால் தேர்வாயிட்டா இதே அட்டை ரெண்டு பங்குக்குப் போகும். இவராலயும் ஊரை விட்டு நகர முடியாது. ஒரே ஒரு நாள்தானே? பொறுத்துப் பாருங்களேன்."

பேனா நின்றது.  உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வார்த்தையை கமிஷன்காரரே தட்டில் வைத்து நீட்டுகிறார். அதுவும் நல்ல காரணத்தோடு. அர்விட் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு விலை ஏறலாம் ஜெல்லிக்" என்றாள் லொரெய்ன். "ஆனா நாளைக்கும் நான் இதே பொம்பளையாத்தான் இருப்பேன்." சரசரவென்று கையெழுத்துப் போட்டாள்.

(மறுநாள் டிண்டாலைத் தேர்ந்தெடுத்தார்கள். விலை இரட்டிப்பானது. ஜெல்லிக் ஒரு வாரம் தலையில் அடித்துக்கொண்டார்.)

வாசலில் அவள் அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். "நான் என்ன செய்யணும் அர்விட்?"

"கிளப்புக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் எங்க வேணா போ."

"திங்கட்கிழமை வந்து..."

"திங்கட்கிழமை கிடையாது. சனிக்கிழமைதான் எல்லாரும் இருப்பானுங்க. இப்ப."

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் அந்த பவுலிங் கிளப்பில் புயலையும் மீறி நல்ல கூட்டம். பந்துகள் உருண்டன, கட்டைகள் சரிந்தன, பீர் மணத்தது. அர்விட் உள்ளே வந்ததும் இரண்டு பேர் முதுகைத் திருப்பிக்கொண்டதை டூயி பார்த்தான்.

லொரெய்ன் நடுவில் நின்று ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். கட்டைகள் சரிந்த சத்தத்தில் அதுவும் போயிற்று. டூயி உதவிக்கு நகர்ந்தான். மாரிட் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

லொரெய்ன் சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஆடுகிறவர்கள் தாண்டக் கூடாத எல்லைக் கோட்டைத் தாண்டி, பனி ஒட்டிய பூட்ஸோடு, கண்ணாடிபோல் மினுங்கிய, பந்து உருளும் லேன் பலகைமேல் ஏறி நடந்தாள். கிளப்காரன் அலறினான். எல்லாப் பந்துகளும் கையிலேயே நின்றன. அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

"இப்ப கேக்குதா?" என்றாள். குரல் கடைசி பெஞ்சு வரை போனது. "எங்க அண்ணன் எதையும் விக்கல, எதையும் திருடல. அட்டை போலின்னு போன் பண்ணது நான். பொய் சொன்னது நான். அவன் மேல பழி விழுந்ததைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு இருந்ததும் நான்."

 ஒருவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். முதுகைத் திருப்பியிருந்த இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் பந்தைத் துடைத்தார்கள்.

லொரெய்ன் அங்கேயே நின்றாள். பலகைமேல் முன்னும் போகத் தெரியவில்லை, பின்னும் வரத் தெரியவில்லை. பூட்ஸிலிருந்து பனி உருகிக் காலடியில் தேங்கியது.

அர்விட் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். கைத்தடியை பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, காலுறையோடு, ஓரத்துப் பள்ளத்தை ஒட்டி மெல்ல நடந்து அவளிடம் போனான். கையை நீட்டினான்.

"உன்னை நான் இன்னும் மன்னிக்கல" என்றான். "பார்த்து வா. எண்ணெய் போட்டிருக்கான், வழுக்கும்."